வழிகாட்டும் ஆசிரியரை ஆயத்தம் செய்தல்

இருபது ஆண்டுகளாக முதலாம் ஆண்டு வகுப்பை நடத்திப் பழகிய ஓர் ஆசிரியையிடம், புதிதாக வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர், "உங்கள் வகுப்பு மட்டும் எப்படி டீச்சர் இவ்வளவு அமைதியாக இருக்கிறது?" என்று கேட்பாரானால், அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "பழகப் பழக வந்துவிடும் தம்பி" என்பதே. அந்த விடையில் அன்பு இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது, கேட்டவருக்குப் பிரயோஜனம் மாத்திரம் இல்லை. நெடுநாள் அப்பியாசத்தால் கைவந்த வித்தை செய்பவருடைய கண்ணுக்கே மறைந்துபோகும் சுபாவமுடையதாகையால், மணியடிப்பதற்கு முன்பே தாம் வகுப்பறை வாயிலில் போய் நிற்பதையும், பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி உள்ளே விடுவதையும், பலகையில் எழுதும்போது முழு முதுகையும் வகுப்புக்குக் காட்டாமல் ஒருச்சாய்ந்து நின்று எழுதுவதையும், சத்தம் எழும் மூலையை நோக்கிக் குரலை உயர்த்தாமல் இரண்டடி நடந்துபோவதையும் அந்த ஆசிரியை அறியமாட்டார். அறியாத ஒன்றை அவர் எவ்விதம் பிறருக்கு எடுத்துச் சொல்வார்? ஆகவே நல்லாசிரியர் எல்லாரும் நல்ல வழிகாட்டிகளாக இருப்பர் என்று எண்ணி, பணிமூப்புப் பட்டியலில் முதலில் நிற்கும் பெயருக்கு நேரே 'வழிகாட்டி' என்று எழுதிவைத்துவிட்டு நிர்வாகம் தன் கடமை முடிந்ததாகக் கருதுமானால், அந்த ஏற்பாடு காகிதத்தில்தான் நடைபெறும்.

இந்தக் குறை மலேசியத் தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் புதிதல்ல; நம் வட்டாரத்தையே பாருங்கள். கோல சிலாங்கூரிலிருந்து கடலோரமாக வடக்கே செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களைக் கடந்து, சுங்கை புசார், பாகான் நக்கோடா ஓமார், சபாக் என்று பெர்ணம் ஆற்றை நோக்கிப் போகிறது. உட்புறச் சாலையோ, இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியுள்ள கோல்பீல்ட்ஸ், ரிவர்சைட், நைகல் கார்ட்னர் முதலிய தோட்டங்களின் பக்கம் அழைத்துச் செல்கிறது. 1917-இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட தென்னமரம் எஸ்டேட்டும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. ரப்பரும் தென்னையும் செம்பனையுமாகப் பயிர்கள் மாறிய இந்த நிலத்தில், பள்ளிக்கூடம் தோட்டத்தின் ஓர் உறுப்பாகவே தோன்றியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற கடமையை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சுமத்தியதனால் கொட்டகைகள் எழும்பின. ஆனால் அவற்றுள் நின்று கற்பிக்க, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ, கங்காணியோ, கொஞ்சம் படித்த தொழிலாளியோதான் பல இடங்களில் அகப்பட்டனர். பிற்காலத்தில் வார இறுதியில் நடந்த 'நார்மல் வகுப்பு'களுக்குப் பட்டணம் சென்று பயிற்சி பெற்ற தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுடைய ஊக்கத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். எனினும் சனிக்கிழமை கேட்ட முறையைத் திங்கட்கிழமை அவர்கள் கையாண்டபோது, அது பலித்ததா, பலிக்கவில்லையா என்று வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஒருவரும் இருந்ததில்லை.

இன்று வருகிறவர் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பட்டம் பெற்று, பயிற்சிக் காலத்தில் சில பள்ளிகளில் பாடம் நடத்தியும் பார்த்தவர். சாஸ்திரத்தில் அவருக்குக் குறையில்லை. எனினும் திங்கட்கிழமைக் காலையின் தனிமை மட்டும் அன்றிருந்தபடியேதான் இருக்கிறது. பால்மரம் சீவக் கற்றுக்கொள்ள வந்தவனைத் தோட்டத்தார் ஒருநாளும் இளமரத்தின் பக்கம் விட்டதில்லை. வெட்டி வீழ்த்தப் போகிற கிழட்டு மரங்களில் அவன் பட்டையின் ஆழம் பழகிய பிறகே அவனுக்கென்று ஒரு நிரை கிடைத்தது. மரத்துக்குக் காட்டிய இந்த ஜாக்கிரதையைப் பள்ளிக்கூடங்களில் நாம் காட்டுவதில்லை என்பதோடு, புதியவருக்கு ஆகக் கடினமான வகுப்பையே கொடுக்கும் வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. மூத்தவர்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது அதுதானே?

தோட்டப்புறப் பள்ளியின் விசேஷத் துன்பம் ஒன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். மாணவர் தொகை 150-க்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளியெனக் கணக்கிடப்படுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், குடும்பங்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தும் போன காரணத்தால், இவ்வட்டாரத்தில் அத்தகைய பள்ளிகள் அபூர்வமல்ல. அங்கே ஆசிரியர் தொகையும் சிறியதாகையால், வந்த முதல் வாரத்திலேயே புதியவர் மூன்று நான்கு வகுப்புகளுக்கு அறிவியல் பாடமும், விளையாட்டுச் செயலாளர் பதவியும், பாடநூல் கடன் திட்டப் பொறுப்பும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் குறிப்பெழுதும் வேலையும் ஒருசேரப் பெற்றுவிடுகிறார். அவருக்கு வழிகாட்ட யாரும் ஓய்வாக இல்லாத நிலையில், "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று தலைமையாசிரியர் முன்வருகிறார். நல்லெண்ணத்தால் செய்யும் காரியமே. ஆயினும் இதைத் தவிர்ப்பது நலம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். புதிய ஆசிரியர் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர். ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் அவருடைய பதவி உறுதிப்பட வேண்டும். அதற்குச் சிபாரிசு செய்ய வேண்டியவரும், ஆண்டுதோறும் மதிப்பெண் போட வேண்டியவரும் தலைமையாசிரியர். தம் உத்தியோகத்தைத் தீர்மானிக்கும் கையினிடமே, "ஐயா, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் என் சொல்லைக் கேட்பதில்லை, பின்னம் நடத்த எனக்கே தெளிவில்லை" என்று மனம் திறந்து சொல்லும் துணிவு எந்த இளைஞருக்கு வரும்? அவர் எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்றுதான் சொல்வார். குறை மறைந்து கிடந்து வேர் விடும்.

இதற்கு ஒரே பரிகாரம், பக்கத்துப் பள்ளிகள் கூடி வழிகாட்டிகளைப் பங்கிட்டுக்கொள்வது. ஒரே சாலையில் அரைமணிப் பயணத்துக்குள் இருக்கும் மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்தால், ஒரு பள்ளியின் அனுபவசாலி மற்றொரு பள்ளியின் புதியவருக்குத் துணையாகலாம். கோல சிலாங்கூரும் சபாக் பெர்ணமும் வேறு வேறு மாவட்டங்களாகையால், அனுமதி பெறுவது சுலபமாக வேண்டுமானால் கூட்டு அந்தந்த மாவட்டக் கல்வி இலாகாவின் எல்லைக்குள்ளேயே அமைவது உசிதம். 2014 முதல் நாடு முழுவதும் மாவட்ட இலாகாக்களிலிருந்து பாடப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு வந்து ஆசிரியருக்குத் துணைபுரியும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது, அது வேண்டியதே. ஆனால் எப்போதோ வந்து போகும் அதிகாரியும், வாரந்தோறும் கூடவே இருக்கும் மூத்த சகாவும் ஒருவர் வேலையை ஒருவர் செய்துவிட முடியாது.

யாரைத் தெரிந்தெடுப்பது? சிறந்த பரீட்சை முடிவு காட்டியவரையா, போட்டிகளில் பரிசு வாங்கித் தந்தவரையா என்றால், இரண்டும் குற்றமில்லை. இரண்டும் போதுமானவையும் அல்ல. தம் வகுப்புக் கதவைத் திறந்து வைத்துக் கற்பிப்பவர், பிறர் வந்து உட்கார்ந்தால் கூசாதவர், கேட்ட ரகசியத்தைத் தேநீர் வேளையில் அவிழ்க்காதவர் என்ற மூன்று யோக்கியதைகள் போதும் என்பேன். பணிமூப்பு ஐந்தாண்டாக இருந்தாலும் சரியே. மிக மூத்தவர்கள் சில சமயம் தம்முடைய முதலாண்டின் பயத்தை முற்றிலும் மறந்துபோயிருப்பார்கள்.

தெரிந்தெடுத்தவரைப் பயிற்றும் வேலையில் முதற்படி, அவருடைய வித்தையை அவருக்கே காட்டுவது. கூட்டுப் பள்ளிகளின் வழிகாட்டிகள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பாடத்தை மற்றவர் பார்த்து, அவர் செய்தவற்றை அபிப்பிராயம் கலவாமல் எழுதித் தரவேண்டும். "நான் இப்படியெல்லாம் செய்கிறேனா?" என்று எழுதப்பட்டவர் ஆச்சரியப்படுவதே இந்த அப்பியாசத்தின் பலன். 'பழகப் பழக வரும்' என்ற பழைய விடை அன்றோடு தொலைந்து, "மணியடிக்கும் முன்னால் வாசலில் நின்றுபாருங்கள்" என்ற உபயோகமான விடை அவர் வாயில் பிறக்கும்.

அடுத்ததும் ஆகக் கடினமானதும் பார்க்கப் பழகுவது. வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்த அனுபவசாலியின் மனம் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிடும்: "கட்டுப்பாடு போதாது. குரல் எழவில்லை. ஆயத்தம் குறைவு." இந்த மூன்று வாக்கியங்களும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவற்றைப் படித்த புதியவர் நாளைக் காலை என்ன செய்வார்? இனி, இரண்டாம் ஆண்டில் லகர ளகர வேறுபாட்டைக் கற்பிக்கும் பாடம் ஒன்றை வேறுவிதமாகக் குறித்ததாக வைத்துக்கொள்வோம். "8.05: பலகையில் 'பல்லி', 'பள்ளி' என்று எழுதி வாசிக்கச் சொன்னார். 8.09: நான்கு வினாக்கள், நான்கிற்கும் முன்வரிசைப் பிள்ளைகளே விடை. 8.14: ஜன்னலோரத்துப் பையன் இன்னும் முதற்சொல்லையே எழுதிக்கொண்டிருக்கிறான். 8.15: ஆசிரியர் பயிற்சித் தாள் கொடுத்தார், ஆறு பேர் என்ன செய்வதென்று அடுத்தவரைக் கேட்டனர்." இதில் புகழும் இல்லை, பழியும் இல்லை, எனினும் அடுத்த நாள் மாற்ற வேண்டியது எது என்பது அதிலேயே கிடக்கிறது.

இப்படிக் குறிக்கும் பழக்கம் ஒரே நாளில் வராது. பயிற்சிப் பட்டறையில் ஒரு வகுப்பின் காணொளியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, எல்லாரையும் எழுதச் செய்து, பிறகு ஒவ்வொருவரும் தாம் எழுதியதில் 'நன்றாக', 'சரியாக', 'சோர்வாக', 'போதாது' போன்ற சொற்களை அடித்துவிடும்படி சொல்லுங்கள். சிலருடைய தாளில் எஞ்சுவது பாடத்தின் தலைப்பும் தேதியும் மாத்திரமே என்று காணும்போது அறையில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எழுதும் இரண்டாம் குறிப்பு கட்டாயம் மேலானதாக இருக்கும். இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்துகொண்டு, ஆசிரியர் பேர் சொல்லி அழைத்த பிள்ளையின் கட்டத்தில் ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போட்டு வருவதும் நல்ல அப்பியாசம். பாட முடிவில் கோடே விழாத கட்டங்கள் எவை என்று பார்த்தவர், வேறு விளக்கம் கேட்கமாட்டார்.

அதற்குப் பிறகு வருவது பேசும் கலை. பார்த்ததைப் பார்த்த அன்றே, பிள்ளைகள் காதுக்கும் மற்ற ஆசிரியர் காதுக்கும் எட்டாத இடத்தில் பேசவேண்டும். பள்ளியின் புலனக் குழுவில் "இன்றைய பாடம் அருமை" என்று பாராட்டுவதுகூட வேண்டாம். நாளை ஒருநாள் அந்தப் பாராட்டு வராதபோது அதன் பொருளைக் குழுவிலுள்ள அனைவரும் அறிந்துகொள்வார்கள். சம்பாஷணை எப்படி நடக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"நாலு கேள்வி கேட்டீங்க தம்பி. யார் யார் பதில் சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"முன்னால இருக்கிற பிள்ளைங்கதான் டீச்சர்."

"பின்னால இருக்கிறவங்களுக்குத் தெரியலையா, இல்ல அவங்களுக்கு வாய்ப்பு வரலையா?"

"அது... தெரியல டீச்சர். நான் அந்தப் பக்கம் போகவே இல்ல."

"நாளைக்கு எப்படித் தெரிஞ்சுக்கலாம்?"

"பேர் சொல்லிக் கேட்கணும். இல்லாட்டி எல்லாரையும் சிலேட்டுல எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம்."

சிலேட்டு யோசனையை அந்த ஆசிரியை முதல் நிமிஷத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பொறுத்திருந்ததனால் அது இளைஞருடைய சொந்த யோசனையாயிற்று. சொந்த யோசனையை மனிதர்கள் செய்து பார்ப்பார்கள். இங்கே மௌனம் ஒரு கருவி என்பதை வழிகாட்டி உணரவேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஆசிரியர்கள் வினாவுக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்றும், அதை மூன்று விநாடியாக்கினால் மாணவர் விடைகள் நீளமும் தெளிவும் பெறுகின்றன என்றும் 1970-களில் கண்டார். வகுப்புப் பிள்ளைக்குப் பொருந்திய அந்த உண்மை, எதிரே உட்கார்ந்திருக்கும் புதிய ஆசிரியருக்கும் பொருந்துகிறது.

எப்போதும் வினாவாகவே இருக்கவேண்டும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. முதல் மாதத்தில் வருகைப் பதிவு எங்கே, வலிப்பு வரும் பிள்ளை எது, மழை பெய்தால் எந்தத் தோட்டத்துப் பாதை மூழ்கி வேன் தாமதமாகும் என்பவற்றை ஒருவர் தாமாகச் சிந்தித்துக் கண்டுபிடிக்க இயலாது, நேரே சொல்லிவிடவேண்டும். பாடத்தில் பொருட்பிழை இருந்தாலும் அவ்விதமே. வழிகாட்டி கேட்க வேண்டிய சமயம் எது, சொல்ல வேண்டிய சமயம் எது என்ற விவேகத்தைப் பட்டறையில் மாதிரிச் சம்பவங்களைக் கொடுத்து விவாதிப்பதால் மட்டுமே வளர்க்க முடியும்.

ஹார்வர்டில் மாரிஸ் கோகன் முதலியோர் உருவாக்கி, ராபர்ட் கோல்ட்ஹாமருடைய 1969-ஆம் ஆண்டு நூலால் பரவிய முறையில், பாடத்துக்கு முன் ஒரு பேச்சு, பாடத்தைப் பார்த்தல், பார்த்ததை ஆராய்தல், ஆசிரியரோடு கலந்துரையாடல் என்ற நான்குக்குப் பிறகு, பார்த்தவர் தம் நடத்தையையே பரிசோதித்துக்கொள்ளும் ஐந்தாம் படி ஒன்று உண்டு. நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது அந்த ஐந்தாவதே. தவணைக்கு ஒரு தடவையாவது கூட்டுப் பள்ளிகளின் வழிகாட்டிகள் ஒரு மாலை கூடி, "நான் அதிகம் பேசினேனா? என் முறையை அவர்மேல் திணித்தேனா?" என்று தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ள இடம் வைக்கவேண்டும். அந்தக் கூட்டத்தில் புதியவர்களின் பெயர் அடிபடலாகாது.

பாடத்துக்கு வெளியே உள்ளவற்றையும் வழிகாட்டி கவனிக்கவேண்டும். கெடாவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ நியமனம் பெற்று, அறிமுகமில்லாத ஊரில் அறையெடுத்துத் தங்கும் இளைஞருக்கு, முதல் சில வாரங்களில் பாடநுட்பத்தைவிட ஒரு வேளைச் சாப்பாடு பெரிய உதவியாயிருக்கலாம். அவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, லயத்து வீடுகளைக் காட்டி, பள்ளி வேன் ஓட்டுநரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரையும் அறிமுகம் செய்துவைப்பது ஒரு பிற்பகல் வேலைதான். மாரியம்மன் திருவிழாவும் தீமிதியும் வரும் வாரத்தில் வருகை ஏன் குறைகிறது, செம்பனைக் காட்டில் வேலை செய்யும் பெற்றோரை எந்த நேரத்தில் சந்திக்கலாம், வீட்டில் மலாய் கலந்து பேசிப் பழகிய பிள்ளை முதலாம் ஆண்டில் ஏன் வாய் திறப்பதில்லை என்பனவெல்லாம் எந்தக் கழகத்திலும் பாடமாக வைக்கப்படுவதில்லை. பிள்ளை பேசாததைச் சோம்பலென்று புதியவர் தவறாகக் கொள்ளாதபடி தடுப்பது, அந்தப் பிள்ளையின் ஆறு வருஷப் படிப்பையே தடுத்தாட்கொள்வதற்குச் சமானம்.

நேரமின்றி இவற்றில் ஒன்றும் நடவாது. ஜப்பானில் 1989 முதல் புதிய ஆசிரியருக்கு ஓராண்டுப் பயிற்சி கட்டாயமாயிற்று. ஸ்காட்லாந்தில் 2002 முதல் முதலாண்டினருக்குப் பாடநேரம் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2021 முதல் இரண்டாண்டுத் துணை விதிக்கப்பட்டு, முதலாண்டில் பத்து விழுக்காடும் இரண்டாமாண்டில் ஐந்து விழுக்காடும் பாடநேரம் தள்ளுபடி செய்யப்படுகிறது. அத்தேசங்களின் வரவு செலவு வேறு, ஆள்பலம் வேறு. எனினும் நமது அரைமணி நேரப் பாடவேளைகளில் இரண்டை, வாரத்தில் ஒரு நாள், புதியவருக்கும் வழிகாட்டிக்கும் ஒருசேர ஓய்வாக அமைப்பது தலைமையாசிரியரால் ஆகாத காரியமல்ல. அதை ஆண்டுத் தொடக்கத்தில் கால அட்டவணை போடும்போதே பதித்துவிடவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், ஓட்டப் பந்தயப் பயிற்சியும் விடுப்பிலுள்ளவருக்குப் பதில் வகுப்பும் வந்து அந்த இரண்டு வேளைகளையும் விழுங்கிவிடும். வேறு பள்ளிக்குப் போய்வரும் வழிகாட்டிக்குப் பயணச் செலவை யார் கொடுப்பது என்பதும் அப்போதே தீரவேண்டிய பிரச்சினை. பள்ளி வாரியங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் கட்டடத்துக்கும் கணினிக்கும் தாராளமாகக் கொடுக்கின்றன. மாதச் சிறு பெட்ரோல் செலவைக் கேட்கத்தான் நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

குறிப்பேட்டைப் பற்றி ஒரு விதி. பின்வரிசையிலிருந்து எழுதிய குறிப்புகள் யாவும் புதிய ஆசிரியருக்கே சொந்தம். வழிகாட்டி நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. தலைமையாசிரியர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சந்திப்பு நடந்த தேதிகளை மட்டும் அலுவலகத்துக்கு அறிவித்தால் போதும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் விஷயம் ஒன்றே இந்த விதிக்கு விலக்கு. அந்த விலக்கை முதல் சந்திப்பிலேயே புதியவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும்.

இறுதியாக, இணை பொருந்தாத சந்தர்ப்பங்கள் வரும். குணபேதமோ, பாடபேதமோ, வெறும் பயண அலுப்போ காரணமாயிருக்கலாம். முதல் தவணையின் முடிவில் இருவரிடமும் தனித்தனியே ஒரு தாளைக் கொடுத்து, 'தொடரலாம்' அல்லது 'மாற்றலாம்' என்று எழுதச் சொல்லுங்கள், காரணம் கேட்கவேண்டாம். ஒருவர் மாற்றலாம் என்று எழுதினாலும் விடுமுறைக்குள் வேறு இணையை அமைத்து, பழைய குறிப்பேட்டைப் புதிய வழிகாட்டியிடம் காட்டுவதா இல்லையா என்பதைப் புதிய ஆசிரியரின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.